கீழே விரிந்த தாடை: ஒரு ஐந்தாம் நம்பர் ரெக்கார்டு வைஸ்

வைஸ் என்றால் வேலைப் பொருளை இரண்டு தாடைக்கு நடுவில் இறுக்கிப் பிடிக்கிற கருவி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த வைஸுக்கு நான் செய்த முதல் ரிப்பேர் தப்பு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீணானது ஒரு பக்கம் இருக்கட்டும், இருந்த கோளாறை இன்னும் கொஞ்சம் கூட்டியும் விட்டேன். எப்படிக் கூட்டினேன், அப்புறம் எதைப் பார்த்து விஷயம் பிடிபட்டது என்பதைத்தான் எழுதுகிறேன்.

காவேரிப்பட்டணத்தில் போர் மோட்டார் சர்வீஸ் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய வெளிநாட்டுக் கருவி சேர்ப்பது தொழிலோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். ஷெஃபீல்டு மார்பிள்ஸ் உளி நாலு, ஸ்வீடன் பாக்கோ ஸ்பேனர் ஒன்று, ஜெர்மனி நிபெக்ஸ் பிளேயர், எஸ்லிங்கன் ஊரில் செய்த டிக் அரம் சில என்று ஒரு பலகை முழுக்க இருக்கிறது. கெடோர் என்று அச்சடித்ததெல்லாம் ஜெர்மனிச் சரக்கு என்று நம்பிக் கூடுதல் விலை கொடுத்த காலமும் உண்டு. அதே பெயரில் நம் நாட்டிலும் ஏராளமாக ஸ்பேனர் அடித்தார்கள். பெயருக்குக் கீழே எந்த நாடு என்று படித்த பிறகுதான் பணத்தை எடுக்க வேண்டும் என்பது அப்போது கற்றது.

இந்தப் பக்கம் இதெல்லாம் எப்படி வந்தது என்று கேட்பார்கள். எல்லையைத் தாண்டினால் கோலார் தங்கவயல். 1880-களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் அங்கே சுரங்கம் நடத்த வந்ததிலிருந்து, 2001 பிப்ரவரி 28-ல் கடைசியாக மூடப்பட்டது வரை, அங்கே இருந்த பட்டறைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இன்னொரு பக்கம் ஓசூர் தொழிற்சாலைகள், மேற்கே பெங்களூரு. எல்லாம் கழிவாகி இரும்பு வியாபாரிகளிடம்தான் வந்து சேரும். அதனால் இங்கே எந்தக் காயலான் கடையில் எதைத் தூக்கிப் பார்த்தாலும் ஒரே பதில்தான்: "கேஜிஎஃப் சரக்குண்ணா." பாதி நம்பலாம்.

இந்த வைஸுக்கும் அதே பதில்தான் கிடைத்தது. கிருஷ்ணகிரிக்கு வெளியே ஒரு பழைய இரும்புக் கடையில், கிரானைட் அறுத்துத் தேய்ந்த பிளேடுகளுக்கு அடியில் கிடந்தது. துரு மண்டி, எங்கே தாடை எங்கே உடம்பு என்று தெரியாத ஒரு கட்டி. பக்கவாட்டில் கொஞ்சம் டீசல் ஊற்றித் துணியால் தேய்த்தேன். புடைத்த எழுத்தில் 'ரெக்கார்டு' என்று வந்தது, பக்கத்தில் 5. முகத்தில் எதுவும் காட்டாமல் நிற்கத்தான் முயன்றேன். கடைக்கார பாய் என்னைப் பதினைந்து வருஷமாகப் பார்க்கிறவர். "எழுத்தைத் தேய்ச்சீங்கன்னா எடைக்குத் தர மாட்டேன்" என்று சிரித்தார். பேசி 2,600 ரூபாய்க்கு முடிந்தது.

ரெக்கார்டு என்பது ஷெஃபீல்டில் ஹாம்ப்டன் சகோதரர்கள் 1898-ல் தொடங்கிய சி அண்ட் ஜே ஹாம்ப்டன் கம்பெனியின் பெயர். அவர்களுடைய ஃபிட்டர் வைஸ்களில் நம்பரைப் பார்த்தாலே அளவு தெரியும்: மூன்று என்றால் நாலு அங்குலத் தாடை, ஐந்து என்றால் ஐந்து அங்குலம், ஆறு என்றால் ஆறு. உடம்பு வார்ப்பிரும்பு, தாடை முகத்தில் மட்டும் கடினப்படுத்திய எஃகுத் தகடு. ஜெர்மனிக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். பிளெட்டன்பெர்க்கில் செய்கிற ஹோயர் வைஸ் முழுக்க அடித்து உருவாக்கிய எஃகு, சம்மட்டியால் அடித்தாலும் உடையாது. வார்ப்பிரும்பு அப்படியில்லை. நசுக்கினால் தாங்கும், இழுத்தால் பிளக்கும். உள்ளே கிராஃபைட் மெல்லிய செதில் செதிலாக இருக்கிறது. இழுக்கும்போது ஒவ்வொரு செதிலும் முன்கூட்டியே போட்டு வைத்த கீறல் மாதிரி வேலை செய்யும். இதை நினைவில் வையுங்கள், கதை இதைச் சுற்றித்தான் போகிறது.

துருவும் புளியும்

தாடையை நகர்த்துகிற மரைத்தண்டு, அதாவது ஸ்பிண்டில், இம்மி அசையவில்லை. ஹேண்டில் இருந்த இடத்தில் இரண்டரை அடி ஜிஐ பைப் ஒன்று மாட்டியிருந்தது. அதுவும் நடுவில் வளைந்திருந்தது. அப்போதே அதைப் பார்த்து யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. கேஸ் வைத்துச் சூடேற்றினால் உடனே கழன்றுவிடும் என்று பட்டறைப் பையன் சொன்னான். ஒரே இடத்தில் வேகமாகச் சூடு ஏறினால் வார்ப்பு பிளந்துவிடும் என்பதால் விடவில்லை. டீசலும் கியர் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து, காலையும் மாலையும் மரை மேல் ஊற்றிவிட்டு மரச் சுத்தியலால் நாலு தட்டு. ஒன்பதாம் நாள் கால் சுற்று வந்தது. பத்தாம் நாள் முழுசாகக் கழன்றது.

பெரிய பாகங்களுக்குக் கரண்ட் குளியல். பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், பத்து லிட்டருக்கு இரண்டு மூன்று ஸ்பூன் சலவைச் சோடா. பேட்டரி சார்ஜரின் நெகடிவ் ஒயர் வைஸ் பாகத்துக்கு, பாசிடிவ் ஒயர் ஒரு வீண் இரும்புத் தகட்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் வைஸ்தான் கரையும். அந்தத் தகடு எவர்சில்வராக இருக்கக் கூடாது, அதிலிருந்து நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். டிரம்மை வாசலில்தான் வைத்தேன், ஏனென்றால் பொங்கி வருவது ஹைட்ரஜன். பக்கத்தில் பீடி கூடாது என்று ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன்.

சின்ன பாகங்களுக்குப் புளி. நம் மாவட்டத்தில் புளிக்கா பஞ்சம்? பழையதாகிக் கறுத்த புளி ஒரு கிலோவைக் கரைத்து வாளியில் ஊற்றினால், வாஷரும் நட்டும் ஒரே ராத்திரியில் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். குத்துவிளக்கு துலக்கும் அதே புளிப்புதான். ஆனால் கணக்கு வேண்டும். ஒரு முறை மார்பிள்ஸ் உளியை இப்படி ஊறப் போட்டுவிட்டு அரூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் கழித்து வந்தேன். துரு போயிருந்தது, கூடவே உளியின் முகத்திலும் அம்மைத் தழும்பு. ஸ்பிரிங்கையும் கடினத் தகட்டையும் நான் புளியிலும் போடுவதில்லை, கரண்டிலும் போடுவதில்லை. ஹைட்ரஜன் உள்ளே புகுந்தால் கடினமான எஃகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அவற்றுக்கு மண்ணெண்ணெயும் பிரஷும் போதும்.

நாலாம் நாள் உடம்பை வெளியே எடுத்துக் கழுவினேன். ஈர இரும்பு நம் கண் முன்னாலேயே திரும்பத் துருப்பிடிக்கும். அந்த அவசரத்தில் அன்றைக்கே ரெட் ஆக்சைடு அடித்தேன், உள்ளே, வெளியே, சந்து பொந்தெல்லாம். பளிச்சென்று இருந்தது. எல்லாத் தப்புக்கும் தாய் அந்த ரெட் ஆக்சைடுதான்.

நல்ல வைஸ் என்று நினைத்தேன்

பூட்டிப் பார்த்தபோது தாடை இரண்டும் மேல்பக்கம் முதலில் தொட்டன. எனக்குச் சந்தோஷம். நல்ல வைஸில் அப்படித்தான் இருக்க வேண்டும். இறுக்கும்போது, நகர்கிற முன்தாடையின் தலை வெளியே சாயப் பார்க்கும், அதனால் தலைப்பக்கம் ஒரு மயிரிழை முன்னதாகவே தொட்டால்தான் இறுக்கிய பிறகு முகம் முழுக்கப் பிடிக்கும். ஆனால் நான் பார்த்தது மயிரிழை இல்லை. மேல்பக்கம் சிகரெட் தாள் சிக்கி நின்றது. தகட்டின் அடிப்பக்கம், இடைவெளி அளக்கிற மெல்லிய இலைகள் கொண்ட ஃபீலர் கேஜின் 0.20 மில்லிமீட்டர் இலை தாராளமாக நுழைந்தது.

சரி, பழசு, தேய்ந்திருக்கும் என்று விட்டேன். ஒரு மோட்டார் சாஃப்டுக்குச் சாவிக்கட்டை (சாஃப்டின் காடியில் செருகுகிற சின்ன இரும்புக் கட்டை) ஒன்றை அரம் போட வேண்டியிருந்தது. கட்டையைத் தாடைக்குள் ஆழமாக வைத்து இறுக்கி, அரத்தை நாலு இழுப்பு இழுத்ததும் கட்டையின் அடி முன்னும் பின்னும் ஊசலாடியது. வெளியே எடுத்துப் பார்த்தால், தலைப்பக்கத்தில் மட்டும் தாடை பதிந்த கோடு. கீழே இருந்த முகம் கன்னி கழியாமல் அப்படியே இருந்தது.

தேய்மானம்தான் என்று உறுதியாக முடிவு செய்தேன். முன்தாடையின் நீள வால் பின்தாடையின் வயிற்றுக்குள் ஒரு சதுரப் பொந்தில் ஓடுகிறது. பொந்தில் ஆட்டம் இருந்தது, கையால் அசைத்தாலே தெரிந்தது. ஆட்டத்தை அடைக்க வேண்டியதுதானே? அரை மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டை வெட்டி, பொந்தின் கூரைக்கும் வாலுக்கும் நடுவில், பின்பக்கமாகச் செருகினேன். வழவழப்பாக ஓடும்படி அதைத் தேய்த்துப் பொருத்தத்தான் அந்த இரண்டு ஞாயிறும் போயின. ஆட்டம் நின்றது. ஃபீலர் கேஜ் வைத்தேன். அடியில் இப்போது 0.30.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். டீ குடிக்க வந்தவரிடம் புலம்பினேன். அவர் வைஸைத் தொடவே இல்லை. இரண்டு உள்ளங்கையையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டினார்.

"பொந்து தேஞ்சா தலை எந்தப் பக்கம் சாயும் தம்பி?"

"வெளியேண்ணா."

"உன்னுது?"

"உள்ளே."

"அப்ப அது எப்படிப்பா தேய்மானம்?"

அவ்வளவுதான் சொன்னார், டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். தேய்ந்த வைஸ் இறுக்கும்போது மேலே விரியும். என்னுடையது கீழே விரிகிறது. எதிர்த் திசை. உள்ளே எங்கோ இரும்பு குறையவில்லை, கூடியிருக்கிறது. எதுவோ ஒன்று வாலின் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறது. நான் வேறு பின்பக்கத்தை மேலிருந்து அமுக்கித் தகடு வைத்து, அந்தச் சாய்வுக்கு உதவி செய்திருக்கிறேன்.

அரம் வழுக்கிய இடம்

பொந்தின் உள்ளே இருந்த ரெட் ஆக்சைடை முழுக்கச் சுரண்டினேன். வாலின் அடியில் நீல மையை எண்ணெயில் குழைத்து மெல்லிசாகப் பூசி, உள்ளே விட்டு இரண்டு இழுப்பு இழுத்து வெளியே எடுத்தேன். பொந்தின் தரை முழுக்க நீலம் ஒட்ட வேண்டும். ஒட்டியது ஒரே இடத்தில்: முன் உதட்டின் வலது மூலையில், ஒரு புளியங்கொட்டை அளவு.

அந்த இடத்தில் சின்ன அரத்தை வைத்துத் தள்ளினேன். கண்ணாடி மேல் தள்ளியது மாதிரி வழுக்கிப் போனது, கீச்சென்று ஒரு சத்தம், பொடி வரவில்லை. ஒரு விரல்கடை தள்ளி அதே அரத்தை வைத்தால் கறுப்புப் பொடி மளமளவென்று கொட்டுகிறது. இரண்டு இடமும் ஒரே வார்ப்பு என்றால் இப்படி நடக்காது. டார்ச் அடித்து, மண்ணெண்ணெயைத் தடவித் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் பொடி தூவிக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் மண்ணெண்ணெய் ஊறி, அந்த மேட்டின் இரண்டு பக்கமும் ஈரக்கோடு ஒன்று எழுந்தது. மூலையிலிருந்து கீழ்நோக்கி நாற்பது மில்லிமீட்டருக்கு விரிசல்.

அப்புறம் எல்லாம் கோத்துக்கொண்டு வந்தது. எவரோ முன்தாடை மேல் சம்மட்டி போட்டிருக்கிறார்கள். முன்தாடையின் தலையில் அடித்தால் அடி முழுக்கப் பொந்தின் முன் உதட்டில்தான் இறங்கும். போதாததற்கு அந்த பைப். ஹேண்டிலின் நீளத்தைக் கம்பெனிக்காரன் சும்மா வைக்கவில்லை. ஒரு ஆள் முழு பலத்தோடு இழுத்தாலும் உடம்பு தாங்குகிற அளவுக்குத்தான் வைத்தான். ஹேண்டில் பத்து அங்குலம் என்று வையுங்கள், இரண்டரை அடி பைப் மாட்டினால் அதே ஆள் மூன்று மடங்கு முறுக்குவான். ஃபியூஸ் போன இடத்தில் கம்பி சுற்றுகிற கதைதான்.

விரிசலைப் பார்த்த யாரோ சாதாரண வெல்டிங் ராடால் ஒட்டியிருக்கிறார்கள். வார்ப்பிரும்பில் நூற்றுக்கு மூன்று நாலு பங்கு கார்பன். உருகிய ராடுக்குள் அது ஏறி, சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு சட்டென்று சூட்டை உறிஞ்ச, அந்தக் கோடு கண்ணாடி மாதிரிக் கடினமாகிவிடும். அரம் வழுக்கியது அதனால்தான். ஒட்டியது மாதிரி இருக்கும், ஓரத்தில் மறுபடி விரிசல் விடும். கொஞ்சம் வழிந்து பொந்துக்குள் மேடாகியும் நின்றது. அளந்தால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதுதான் வாலைத் தூக்கியது.

ஒட்டியவரை நான் குறை சொல்லவில்லை. வேலை நின்றிருக்கும், கையில் இருந்ததை வைத்துச் செய்திருப்பார். அதை ஆராயாமல் மேலே ரெட் ஆக்சைடு அடித்து மூடிய ஆளைத்தான் சொல்ல வேண்டும்.

பித்தளையா நிக்கலா

வார்ப்பை ஒட்ட நிக்கல் ராடு உண்டு. விலை அதிகம், ஆனால் வேலை சுருக்கமாக முடியும், ஒட்டிய இடத்தை அரமும் போடலாம். இன்னொரு வழி பித்தளை ஒட்டு. நான் பித்தளையைப் பிடித்ததற்குக் காரணம், வார்ப்பை உருக்காமலே ஒட்டலாம், கடினக் கோடு விழாது. இடம் தர்மபுரி பக்கத்தில் ஒரு கொல்லுப் பட்டறை. கேஸ் வெல்டிங் செட்டும் வைத்திருக்கிறார்கள், அடுப்புக்கரி உலையும் இருக்கிறது. எனக்கு அந்த உலைதான் முக்கியம். உடம்பு முழுக்க மெதுவாகச் சூடேறி, மெதுவாக ஆற வேண்டும்.

பழைய வெல்டைச் சின்னக் கல்லால் அரைத்து எடுத்தோம். விரிசல் முடிகிற இடத்தில் மூன்று மில்லிமீட்டர் துளை போட்டோம், இல்லையென்றால் அது இன்னும் ஓடும். பள்ளத்தின் கடைசி முகத்தை மட்டும் கல்லால் தொடாமல் அரத்தால் முடிக்கச் சொன்னார் கொல்லர். கல் அரைத்தால் கிராஃபைட் மை மாதிரி முகமெல்லாம் இழுபட்டுப் பித்தளை ஒட்டாது என்பது அவர் அனுபவம்.

உலையில் வைத்துக் கால் மணி நேரத்தில் வார்ப்பு வியர்க்க ஆரம்பித்தது. விரிசலிலிருந்து பழைய எண்ணெய் கறுப்பு முத்து முத்தாக வெளியே வந்து புகைந்து எரிந்தது. எத்தனை வருஷத்து எண்ணெயோ. அது முழுக்க எரிந்து நின்ற பிறகுதான் வெங்காரம் தூவி, கம்பியைத் தொட்டார். பித்தளை ஒரு துளியாக நின்று தயங்கியது, அப்புறம் தண்ணீர் மாதிரிப் பள்ளத்துக்குள் பரவியது. பரவினால் ஒட்டியது என்று அர்த்தம், உருண்டு நின்றால் ஒட்டவில்லை. முடிந்ததும் நேரே சாம்பல் குழிக்குள் புதைத்தார். மறுநாள் மதியம் எடுத்தபோதும் கை வைக்கச் சுட்டது.

அவர் கேட்டதுதான் எனக்குப் பிடித்தது. "சீமை இரும்புக்கு இவ்வளவு சீராட்டா? நம்ம மயிலாடும்பாறையில நாலாயிரம் வருஷத்து இரும்பு எடுத்தாங்களே, அதைக் கேட்டு ஒருத்தனும் வரலையே." உண்மைதான். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை, 1,200 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பொந்தின் தரையை நீல மை பூசிப் பூசி, அரமும் சுரண்டியும் போட்டுச் சமமாக்க மூன்று சாயங்காலம் ஆனது.

தாடைத் தகடு தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். பின்தாடையில் பழைய தகடு நன்றாகவே இருந்தது, தொடவில்லை. முன்தாடையில் யாரோ சாதா இரும்புப் பட்டையை எட்டு மில்லிமீட்டர் போல்ட்டால் முறுக்கியிருந்தார்கள். துளையில் இருந்தது 5/16 அங்குல விட்வொர்த் மரை, பழைய இங்கிலாந்து அளவு, அதாவது அங்குலத்துக்கு 18 சுற்று. எட்டு மில்லிமீட்டர் போல்ட்டில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 20. விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் முதல் இரண்டு சுற்று ஆசையாக ஏறும். மூன்றாவது சுற்றில் மரையை அறுத்துக்கொண்டே போகும். இரண்டு துளையும் மொழுக்கென்று ஆகியிருந்தது. நல்ல வேளை, 3/8 விட்வொர்த் டேப் (துளைக்குள் மரை வெட்டுகிற கருவி) போட எட்டு மில்லிமீட்டர் துளைதான் வேண்டும். துளை தயாராகவே இருந்தது, டேப் மட்டும் போட்டேன். புதுத் தகட்டை ஓஎச்என்எஸ் என்கிற கருவி எஃகில் ஓசூரில் வெட்டி, முகத்தில் குறுக்குக் கோடு போட்டு, 800 டிகிரி வாக்கில் சூடேற்றி எண்ணெயில் தணித்து, 230-ல் பதம் இறக்கி வாங்கினேன். 1,850 ரூபாய். அந்த மரையில் ஸ்க்ரூ கிடைக்கப் பெங்களூருவில் இரண்டு மணி நேரம் அலைந்தேன், விலை 160.

சில்லறைச் செலவு 400-ஐயும் சேர்த்தால் மொத்தம் 6,210 ரூபாய். என் கூலியைக் கணக்கில் எடுக்கவில்லை. இந்தக் காசுக்குப் புதுசாகவே நல்ல நாட்டு வைஸ் வாங்கியிருக்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள். வாங்கியிருக்கலாம்தான்.

இப்போது மேலே சிகரெட் தாள் சிக்குகிறது, அடியில் 0.05 மில்லிமீட்டர் நுழைகிறது, அடுத்த இலை நுழையவில்லை. அதே சாவிக்கட்டையை அதே ஆழத்தில் வைத்து இறுக்கி எடுத்தேன். தாடையின் கட்டம் முகம் முழுக்கப் பதிந்திருந்தது. பித்தளை ஒட்டிய கோடு தெரியட்டும் என்று அந்த மூலைக்கு மட்டும் பெயிண்ட் அடிக்கவில்லை. மற்ற இடமெல்லாம் ரெக்கார்டின் நீலம்.

ஹேண்டிலுக்குப் பதினாறு மில்லிமீட்டர் பிரைட் பார் (வழவழப்பான உருண்டைக் கம்பி), பத்து அங்குலம். போன வாரம் ஒரு பம்ப் செக்வால்வு கழல மறுத்தது. பட்டறைப் பையன் மூலையெல்லாம் தேடிவிட்டு, "அண்ணா, அந்த பைப் எங்கே?" என்றான். அதை மூன்று துண்டாக வெட்டி வைத்திருக்கிறேன். ஒன்று பட்டறைக் கதவுக்குத் தாழ்ப்பாளாக இருக்கிறது.